மடுவத்துத் தராசு

ஓர் உலகத்தைப் படைப்பதற்கு எட்டுக் குறிகள் போதும் என்று என் அக்கா மகன் சொன்னான். கொழும்பில் கொம்பியூட்டர் உத்தியோகம் பார்க்கிற பிள்ளை. ஆகையால் அது அவன் தொழில் சம்பந்தமான ஏதோ சூத்திரம் என்றே முதலில் எண்ணிக்கொண்டேன். ஆடி மாதம். டயகமவில் அந்த மாதத்தில் மழை பெய்கிறது என்று சொல்வதுகூடப் பிழை. ஹோட்டன் சமவெளியின் விளிம்பிலிருந்து மேகம் கீழே இறங்கி, ஓயாவின் சத்தத்தையும் கூடவே அழைத்துக்கொண்டு வந்து, லயத்துக்குள்ளேயே குடியேறிவிடுகிறது என்பதுதான் சரி. தகரத்தின் இரைச்சலில் ஒருவர் வாயைப் பார்த்துத்தான் மற்றவர் பேச்சை விளங்கிக்கொள்ள வேண்டியிருந்த அந்தச் சாயங்காலத்தில், அக்கா வீட்டு இஸ்தோப்பில் பாயை விரித்து, பையிலிருந்து ஒரு கறுப்பு அட்டைப் புத்தகத்தையும், பக்கத்து வீடுகளின் லூடோப் பெட்டிகளிலிருந்து இரவல் வாங்கிய இரண்டு பகடைகளையும் எடுத்து வைத்தவன், "மாமா, நமக்கு ஒரு கிரகம் வேணும், நீங்கதான் செஞ்சு தரணும்" என்றான். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் பூகோளம் படிப்பித்தவனிடம் இதைவிடப் பொருத்தமான விண்ணப்பத்தை யாரும் கொண்டுவந்ததில்லை.

விளையாட்டின் இலட்சணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அந்தப் பாத்திரம் என்ன செய்யும் என்பதை வாயாலேயே சொல்லி ஆடுவது. செய்தது பலிக்குமா என்ற சந்தேகம் எழும் இடத்தில் பகடையை உருட்டுவது. கூத்துக்கு வாத்தியார் எப்படியோ அப்படி இதற்கு ஒருவர் உண்டு. உலகமும் அதில் எதிர்ப்படுகிற அந்நியர்களும் அவர் பொறுப்பு. பொம்மைச் சிப்பாய்களை வைத்து யுத்தம் ஆடிக்கொண்டிருந்த அமெரிக்கர்களில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னஸன் என்ற இருவர் 1974-ல் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இந்த வகைக்கு மூலம். அது பூதங்களும் வாட்களும் நிறைந்தது. 1977-ல் மார்க் மில்லர் என்பவர் இதே முறையை நட்சத்திரங்களுக்கு நடுவே கொண்டுபோய் வைத்து அமைத்ததுதான் 'டிராவலர்'. மருமகன் கொண்டுவந்தது அதன் பிரதி.

எட்டுக் குறி என்றானே, அது இதிலே இருக்கிறது. விண்கலத் துறைமுகத்தின் தரம், கோளத்தின் பருமன், வாயுமண்டலம், நீர்ப்பரப்பு, ஜனத்தொகை, ஆட்சி வகை, சட்டத்தின் கெடுபிடி, தொழில்நுட்பத்தின் படி. ஒவ்வொன்றுக்கும் பகடையை உருட்டிக் கிடைத்ததை வரிசையாக எழுதினால், இரண்டு விரற்கடை நீளத்தில் ஓர் உலகம் காகிதத்தில் கிடக்கும். ஜனத்தொகையின் குறி நாலு என்றால் பத்தின் நாலாம் அடுக்கு, அதாவது பதினாயிரக் கணக்கில் மனிதர்கள். அந்த மனிதர்களுக்கு அவ்வளவுதான் இடம். இதைப் பார்த்து முகம் சுளிக்க நினைத்தேன்; சுளிக்க முடியவில்லை. எங்கள் தேயிலைத் தோட்ட உலகமும் ஒரு காலத்தில் இவ்விதமாகவே எழுதப்பட்டது: மலைக்கு ஓர் இலக்கம், அதற்கு இத்தனை ஏக்கர், கடல்மட்டத்துக்கு மேல் இத்தனை அடி, செக்ரோலில் இத்தனை ஆள். ஆனால், தோட்டங்களின் அட்டவணையை வருஷந்தோறும் அச்சிட்ட ஃபெர்குசன் டிரெக்டரி, தோட்டங்களுக்குத் தமிழ் ஜனங்கள் வைத்திருந்த பெயர்களையும் ஒரு ஜாபிதாவாகச் சேர்த்துக்கொண்டது. துரை தன் ஊர் ஞாபகமாக ஸ்கொட்லாந்துப் பெயரைச் சூட்டியிருப்பார். அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் எந்தக் கங்காணிக்கும் தெரியாது. உலகத்தை நிர்மாணிக்கிறவன் அதற்கு இரண்டு பெயர் வைக்க வேண்டும், ஒன்று ரிஜிஸ்தருக்கு, மற்றது வாய்க்கு, என்ற முதற் பாடத்தை நான் அந்த ஜாபிதாவிலிருந்தே எடுத்துக்கொண்டேன்.

டிராவலரில் பாத்திரத்தை உண்டாக்கும் முறை விசித்திரமானது. கடற்படையிலோ வணிகக் கலத்திலோ நாலு நாலு வருஷத் தவணையாக அவன் கழித்த பூர்வ வாழ்க்கையைப் பகடை மூலம் கணிக்க வேண்டும்; அந்தக் கணிப்பிலேயே, ஆட்டம் தொடங்குமுன்பே, ஆள் செத்துப்போகலாம். மருமகன் இதை ஒரு நகைச்சுவையாகச் சொன்னான். தோட்ட வேலைக்காக மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைவரை காட்டுவழியே நடந்த எங்கள் முன்னோரின் கூட்டங்களில், ஒரு கோப்பிச் செடியையும் கண்ணால் காணாமல் வழியிலேயே கிடந்துவிட்டவர்கள் எத்தனை பேர் என்ற நினைவு வந்ததால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும், விதியைப் பற்றி இவ்வளவு நேர்மையாகப் பேசும் விளையாட்டை நான் கண்டதில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்தப் புத்தகத்தில் என்னை முற்றாக வசப்படுத்தியது வேறொரு விதி. ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவ ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும். அதைவிட வேகமாக எந்தச் செய்தியும் போகாது. வானொலி இல்லை, தந்தி இல்லை. சமாசாரம் கப்பலேறித்தான் வர வேண்டும். இளைஞர்களுக்கு இது பழைய பாய்மரக் காலத்து அலுப்பாகத் தோன்றும். எனக்கோ இந்த ஒரே விதியிலிருந்து ஒரு பேரரசின் சகல சுபாவங்களும் முளைத்து வருவது தெரிந்தது. சக்கரவர்த்தி தூரத்தில் இருப்பான், அவனுடைய கட்டளை பழசாகி வரும், அது வரும்வரை அந்தந்த உலகத்தின் பெரிய துரை வைத்ததே சட்டம். 1964 அக்டோபர் 30-ந் தேதி டில்லியில் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை நினைத்துக்கொண்டேன். எங்கள் ஜனங்களில் பிரஜாவுரிமையற்றவர்கள் என்று கணக்கிடப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமான 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, பத்து வருஷம் கழித்து, 1974-ல், பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எனக்கு அப்போது பத்து வயது. தலவாக்கலையிலிருந்து வந்த பஸ்ஸில் ஒருநாள் பிந்தி வந்து சேர்ந்த பத்திரிகையை, எழுத்து வாசனை உள்ள ஒருவர் லயத்து முற்றத்தில் உரக்கப் படித்தார், படித்து முடித்ததும் ஒரு கிழவர், "அப்ப நம்ம எந்தக் கணக்குல?" என்று கேட்டார். தங்களைப் பற்றிய முடிவு வேறு உலகத்தில் எடுக்கப்பட்டு, பழசான பிற்பாடு வந்து சேருகிற இடத்தில் வாழ்ந்தவர்களுக்கு டிராவலரின் விதியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

டிராவலருக்கும் ஒரு வருஷம் முந்தியது, 1976-ல் ஜேம்ஸ் வார்ட் செய்த 'மெட்டமோர்ஃபஸிஸ் அல்ஃபா'. அதன் களம் வார்டன் என்ற ஒரே ஒரு பெருங்கலம். குடியேற்றத்துக்காகப் புறப்பட்ட அந்தக் கலத்தில் கதிர்வீச்சு புகுந்து பெரும்பாலோர் மாண்டுபோக, எஞ்சியவர்களின் சந்ததியார் தாங்கள் இருப்பது ஒரு கலம் என்பதையே மறந்துபோகிறார்கள். அற்புதமான கற்பனை. ஆயினும் மனித சுபாவத்தைப் பொறுத்தவரை அது தவறு என்பது என் அபிப்பிராயம். லயத்தில் பிறந்து, பிள்ளைக் காம்பராவில் தவழ்ந்து, அதே மலையில் கொழுந்தெடுத்து, அதே மலையின் ஓரத்தில் புதைக்கப்பட்டவர்கள், ஒருமுறைகூட ஹட்டன் பட்டணத்தைத் தாண்டிப் பார்த்திராதவர்கள், கப்பலையும் மறக்கவில்லை, நடந்த பாதையையும் மறக்கவில்லை. முன்னோர் வந்து இருநூறு வருஷம் ஆனதன் நினைவாக 2023-ல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு கூட்டம் மறுபடி கால்நடையாகவே வந்து சேர்ந்தது. கலத்தில் இருப்பவர்கள் மறப்பார்கள் என்பது கலத்தைக் கட்டியவர்களின் நம்பிக்கை போலும்.

விஞ்ஞானக் கற்பனைக்கு நம்முடைய மலையே ஒருமுறை மேடையாகியிருக்கிறது. 1956-ல் இலங்கைக்கு வந்து, 2008-ல் கொழும்பிலேயே காலமான ஆர்தர் சி. கிளார்க், 1979-ல் வெளியிட்ட 'த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்' நாவலில், மஸ்கெலியாப் பக்கத்துச் சிவனொளிபாத மலையின் சிகரத்திலிருந்து வானத்துக்கு ஒரு மின்தூக்கி கட்டுகிறார். பூமியோடு கூடவே சுழன்று ஒரே இடத்தில் நிற்பதாகத் தோன்றும் கோள்பாதை நிலமட்டத்திலிருந்து சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில், நேராகப் பூமத்திய ரேகைக்கு மேலே இருக்கிறது. அங்கிருந்து கயிற்றை இறக்கினால் அது பூமத்திய ரேகையில்தான் வந்து தொட வேண்டும். நம் தீவோ சற்று வடக்கே கிடக்கிறது. ஆகவே கிளார்க் தீவை 800 கிலோமீற்றர் தெற்கே தள்ளி வைத்தார். 2,243 மீற்றர் மலையை இரட்டிப்பு உயரமாக்கினார். அதைச் சிகிரியாவுக்குக் கிட்ட நகர்த்தினார். வேறெதையும் பெரும்பாலும் தொடவில்லை. உலகம் அமைக்க விரும்புகிறவன் மனனம் செய்துகொள்ள வேண்டிய கட்டுப்பாடு இது. மூன்று பொய்கள், அவையும் காரணத்தோடு. மிச்சம் முழுவதும் உள்ளபடி. மேதையின் கை.

எனினும் எனக்கு ஒரு குறை உண்டு. அந்தக் கதையைத் தாங்குகிறவர்கள் புராதன அரசன், சிகரத்துத் துறவி, கயிறு கட்டுகிற என்ஜினியர். அந்த மலைச்சரிவில் முதுகில் கூடையோடு நிற்கிறவளுக்கு அதில் ஒரு முதன்மைப் பாத்திரமாக இடம் கிடைக்கவில்லை. தீவையே தூக்கி நகர்த்தியவருக்கு அவளை ஓர் அடி முன்னால் கொண்டுவருவது கஷ்டமாக இருந்திருக்காது. பார்வை அந்த உயரத்துக்கு இறங்கவில்லை என்றே எண்ணுகிறேன்.

அந்த உயரத்தில் தமிழில் சாதித்தவர் சுஜாதா. 'என் இனிய இயந்திரா'வில் அவர் காட்டிய எதிர்கால தேசத்தில் ஜனங்களுக்கு இரண்டெழுத்துப் பெயர்தான் அனுமதி. நிலா, சிபி, ரவி, மனோ. ஆயுதங்களையும் கோட்டைகளையும் பக்கம் பக்கமாக வர்ணித்திருந்தால் வந்திராத பயம், பெயரை வெட்டிய அந்த ஒரு சட்டத்தில் வந்துவிடுகிறது. ஒரு சின்ன விதி, தினமும் வாயில் புழங்குகிற ஒரு சொல், அதற்குள்ளே முழு ஆட்சியும் மடிந்து கிடக்க வேண்டும். அப்படி ஒரு சொல்லைத் தேடி நான் அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. தோட்டத்துப் பாஷையில் ஒரு நாட் சம்பளத்துக்குப் 'பேர்' என்று பெயர். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய் நின்று, மலைக்கேறி, குறித்த கிலோ கொழுந்து எடுத்தவளுக்குப் பேர் விழும்; குறைந்தால் அரைப்பேர். சிறுவயதில், அம்மா கொழுந்து நிறுக்கிற மடுவத்திலிருந்து வந்து கூடையை இறக்கிவிட்டு, "இன்னிக்கு அரைப்பேர்தான்" என்று சொன்ன நாளில், அவளுடைய பேரில் பாதியை யாரோ வைத்துக்கொண்டார்கள் என்றே நான் நம்பினேன். அந்தச் சொல்லை உண்டாக்கியவனுக்கு விஞ்ஞானக் கற்பனை எழுதும் உத்தேசம் இருந்திருக்காது.

ஆகவே கிரகம் செய்தோம். பகடை உருண்டது, சின்ன உருண்டை, மூச்சுக்கு உதவாத மெல்லிய வாயு, நீர் இல்லை, ஜனத்தொகை நாலு. ஆட்சிக்கு உருட்டியபோது இரண்டு பகடையிலும் இரண்டு இரண்டாக விழுந்தது. விதிப்படி அதிலிருந்து ஏழைக் கழித்து ஜனத்தொகையைக் கூட்டினால் ஒன்று வரும். மருமகன் அட்டவணையில் விரலை ஓட்டி, ஒன்றுக்கு நேரே இருந்ததைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்: கம்பெனி ஆட்சி. உள்ளே அடுப்படியிலிருந்த அக்காவுக்கும் கேட்கும்படி சிரித்தோம்.

பிறகு பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் நான் எழுதத் தொடங்கினேன். கல்லைக் குடைந்த சுரங்கங்களில் விளக்கொளியில் ஒரு பாசி வளர்கிறது; அந்தப் பாசிதான் அங்கே மூச்சுக்காற்றைத் தருவது; ஏழு நாளைக்கொருமுறை அதன் நுனியைக் கிள்ளாவிட்டால் முற்றிக் கறுத்துவிடும்; கிள்ளுகிறவர்களுக்குக் கூலி பணமாகத் தரப்படுவதில்லை, காற்றாகத் தரப்படுகிறது. ஒரு நாள் மூச்சுக்கு ஒரு பேர். அரைப்பேர் வாங்கியவன் அன்றிரவு மெதுவாக மூச்சுவிட வேண்டும். ஒரு சுரங்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால், எவ்வளவு காற்றுக் கடன் பாக்கி என்று எழுதிய துண்டு வேண்டும். இது 1921-ல் இங்கே ஒழிக்கப்பட்ட துண்டு முறையின் நேரான பிரதி, நான் ஓர் எழுத்தும் புதிதாகச் சேர்க்கவில்லை. விடியற்காலையில் எழுப்புவதற்கு மருமகன் ஒரு மின்னணு மணி வைக்கலாம் என்றான். நான் தப்பு மேளந்தான் என்றேன். காற்று மெலிந்த சுரங்கத்தில் தப்புச் சத்தம் கேட்குமா என்று பௌதிகம் பேசினான். சுவரோடு காது வைத்துப் படுப்பார்கள், கல் வழியாகக் கேட்கும் என்று சொல்லிவிட்டேன். இருவருக்கும் திருப்தி.

அவனுக்கு ஒரு யுத்தமாவது வேண்டும். நான் சம்மதிக்கவில்லை. யுத்தம் என்றால் முடிவு தெரிந்துபோகும். முடிவு தெரிந்த ஆட்டத்துக்கு எங்களிடம் ஏற்கெனவே காமன் கூத்து இருக்கிறது, அதை மிஞ்ச முடியாது. மாசி மாதத்தில் காமன் ஊன்றி, விரதமிருந்து, ரதியும் மதனுமாக வேஷம் கட்டியவர்கள் தப்பொலியோடு லயம் லயமாகப் போகும்போது, மேடை என்று ஒன்று கிடையாது. தோட்டம் முழுவதும் கைலாசம், தோட்டம் முழுவதும் மதனபுரி. சிவன் நெற்றிக்கண்ணைத் திறக்கப்போகிறான் என்பது பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் விடிய விடிய விழித்திருந்து, மதன் எரிகிற வேளையில் பெண்கள் நெஞ்சில் கைவைத்து அழுவார்கள். நேற்றுவரை பக்கத்து லயத்துப் பையனாக இருந்தவன் அந்த இரவில் ரதி. அதை யாரும் வேஷம் என்று எண்ணுவதில்லை. பாத்திரமேற்று ஆடுவது இறக்குமதிச் சரக்கு என்று யாராவது சொன்னால் அவர்களை மாசியில் வரச் சொல்வேன். ஒரே வித்தியாசம், கூத்தில் மனிதர்களைக் கதை தாங்கிக்கொள்கிறது; எல்லாரும் வழி தவறினாலும் கதை அவர்களைக் காமன் பொட்டலுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும். இந்த மேசை விளையாட்டில் கதை கிடையாது. எவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்று தெரியாததால், திரும்புகிற பக்கமெல்லாம் நிலம் இருக்க வேண்டும். அவ்வளவு நிலத்தையும் முன்கூட்டியே வரைய முடியாது என்பதை அன்றிரவே கற்றுக்கொண்டேன்.

ஆடுவதற்கு மருமகனோடு பக்கத்து லயத்துப் பையன்கள் இருவரும், பத்தாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண்ணும் வந்திருந்தார்கள். கரண்ட் போய், லாம்பு வைத்தாகிவிட்டது. பெண்ணின் தாய் துணைக்கு வந்தவள், வந்த இடத்தில் சும்மா இருக்க மனமின்றி, அக்காவின் சுளகை வாங்கி வாசற்படியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பகல் முழுவதும் கொழுந்தெடுத்த விரல்களின் கறை லாம்பு வெளிச்சத்தில் கறுப்பாகத் தெரிந்தது. எங்கள் விளையாட்டை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

பையன்கள் எதிர்பார்த்தபடியே துறைமுகத்துக்குப் போகும் சுரங்கத்தைத் தேடினார்கள், காவலாளியை ஏமாற்றப் பார்த்தார்கள், ஒருவன் மாட்டிக்கொண்டான். நான் இதற்கெல்லாம் தயாராக இருந்தேன். பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தேன். அந்தப் பெண் மட்டும் மடுவத்தை விட்டு நகரவில்லை. பாசியை நிறுத்துப் பேர் போடுகிற இயந்திரம் எப்படி இருக்கும், யார் பக்கத்தில் நிற்பார்கள், எண் எந்தப் பக்கம் தெரியும் என்று கேட்டுக்கொண்டே இருந்தவள் கடைசியில், "சேர், அந்த மெஷின் சரியா நிறுக்குதான்னு யாரு பாக்குறது?" என்றாள்.

கலண்டர் தாளைப் புரட்டினேன். காற்றின் அடர்த்தி எழுதியிருந்தேன். பாசியின் ஏழு நாள் சுற்று எழுதியிருந்தேன். துண்டின் வாசகம்கூட எழுதி வைத்திருந்தேன். தராசை யார் சரிபார்ப்பது என்பது எங்கும் இல்லை. சாக்குக்கு இத்தனை, ஈரத்துக்கு இத்தனை என்று கழித்துக்கொள்வதைப் பற்றிய முணுமுணுப்பு மலைநாட்டில் எந்த மடுவத்திலும் ஒருநாளாவது கேட்காமலிருக்காது. அதைக் கேட்டே வளர்ந்த நான், ஓர் உலகத்தை என் கையால் செய்யும்போது, தராசை எழுதிவிட்டுத் தராசுக்குப் பின்னால் நிற்கிறவனை எழுத மறந்திருக்கிறேன். கம்பெனிக்காரன் மறந்திருந்தால் அதற்கு வேறு பெயர் சொல்லியிருப்பேன்.

"யாரும் பாக்குறதில்ல" என்றேன்.

"அப்ப என் ஆளு ஒரு கல்லு வச்சிருக்கா. ஒரே கல்லு. துறைமுகத்துல நிறுத்துப் பாத்த கல்லு, சரியா ரெண்டு கிலோ. அதத் தினமும் கூடைக்கடியில போட்டு, பாசியோட சேத்து நிறுக்கக் குடுப்பா. மொதல்ல வெறும் பாசி, அப்புறம் கல்லோட. எவ்வளவு கூடுதுன்னு பாப்பா."

பையன்கள் துறைமுகச் சுரங்கத்தை மறந்து பாயின் இந்தப் பக்கத்துக்கு நகர்ந்தார்கள். மருமகன் என்னைப் பார்த்தான்; விதிப் புத்தகத்தில் இதற்கு வழி இல்லை என்பது அவனுக்குத் தெரியும். கல் பிடிபடாமல் தராசுக்குப் போய்ச் சேர வேண்டுமானால் இரண்டு பகடையும் சேர்ந்து எட்டோ அதற்கு மேலோ விழ வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னேன். அவள் இரண்டு கைக்குள்ளும் பகடையைப் பொத்திக் குலுக்கி வீசினாள். ஒன்று ஐந்தைக் காட்டிக்கொண்டு பாயில் நின்றது. மற்றது விளிம்பில் பட்டுத் துள்ளி, நிலைப்படியைத் தாண்டி, காம்பராவின் இருட்டுக்குள் போய்விட்டது.

வாசலில் சுளகின் சத்தம் நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"கல்லு எத்தன காட்டுச்சு?" என்றாள் தாய்.

நான் பதில் சொல்வதற்குள், சுளகை ஒதுக்கி வைத்துவிட்டு, லாம்பைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலுக்கடியில் குனிந்தது அவள்தான்.